உள்ளே பெரம்பலூர், வெளியே அரியலூர்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு டோமினிக் வீட்டு வாசலில் குழாய் நட்டார்கள். சின்னதாக ஒரு சிமெண்ட் மேடை, அதில் நிமிர்ந்து நிற்கும் நீலக் குழாய், அதன் முனையில் ஒரு திருகு. டோமினிக்கைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். திருகைத் திறக்கச் சொன்னார்கள். போட்டோ எடுத்தார்கள். மூடச் சொன்னார்கள்.

"தண்ணி வரலைங்களே," என்றார் டோமினிக்.

"அது போட்டோவுல தெரியாதுங்க," என்றார் போட்டோ எடுத்தவர்.

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் செபஸ்தியார் தெரு கடைசித் தெரு. மூன்றே வீடுகள். ஆனி ரோஸ் வீட்டில் நாலு பேர், நல்லதம்பி வீட்டில் மூன்று பேர், கடைசி வீட்டில் டோமினிக்கும் அவர் மனைவி மரிய புஷ்பமும். தெரு முடிந்ததும் வயல். டோமினிக் அதில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்து நெல் வைத்துக்கொண்டிருந்தார். புஷ்பத்துக்கு வாதம் அடித்த பிறகு அதையும் விட்டுவிட்டார்.

புஷ்பத்துக்கு இடது கையும் இடது காலும் போயிருந்தன. வாய் போகவில்லை. முதுகின் அடியில் படுக்கைப் புண் வந்திருந்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா மருந்து கொஞ்சமாகத்தான் கொடுத்தார். "தினம் கழுவணும், துணி மாத்தணும், ஈரம் இல்லாம வெச்சுக்கணும். மருந்தைவிட அதுதான் முக்கியம்" என்றார். கழுவுவதற்கும் துணி அலசுவதற்கும் தண்ணீர் பள்ளிக்கூடத் தெருவிலிருந்து வரவேண்டும். டோமினிக் சைக்கிளின் இரண்டு பக்கமும் குடம் கட்டித் தள்ளிக்கொண்டு வருவார். பாதி வழியில் சிந்தும்.

"வந்துச்சாங்க?" என்று கட்டிலில் இருந்து கேட்டாள் புஷ்பம்.

"வரும்."

"உங்களுக்கு மீசை வரும்னு உங்க அம்மாவும்தான் சொன்னாங்க. நம்பித்தான் கழுத்த நீட்டுனேன்."

டோமினிக் மேலுதட்டைத் தடவிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். அங்கே ஒரு குழி தோண்டி மூடாமல் விட்டிருந்தார்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் பழைய இரும்புக் குழாய் குழியின் ஒரு பக்கம் வந்து நின்றது. அதன் வாயில் மூடி போட்டிருந்தது. எதிர்ப் பக்கத்திலிருந்து தெருவின் புது நீலக் குழாய் தொடங்கியது. நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதற்குள் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ஆனி ரோஸை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, குழாய் அளவு வாரியத்தில் புகார் சொல்ல அரியலூர் பஸ் ஏறினார்.

*

குழாய் அளவு வாரியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அரியலூரும் பெரம்பலூரும் ஒரே மாவட்டமாக இருந்தபோது வாரியமும் ஒன்றாக இருந்தது. மாவட்டம் பிரிந்தபோது வாரியத்தின் நாற்காலிகளைப் பிரித்தார்கள். ஜீப்பை ஒருவரும் ஸ்டெப்னியை இன்னொருவரும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் வேலையைப் பிரிக்க வேண்டி வந்தது. எதையும் வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்தில் குழாயையே பிரித்தார்கள். உள்விட்டம் பெரம்பலூருக்குப் போனது. வெளிவிட்டம் அரியலூருக்கு வந்தது.

அன்று முதல் இரண்டு மாவட்டங்களிலும் குழாயின் உள்ளே நடப்பதை எல்லாம் பெரம்பலூர் பார்த்துக்கொள்ளும். வெளியே நடப்பதை அரியலூர் பார்த்துக்கொள்ளும். இரண்டு அலுவலகமும் தங்கள் பங்கை மற்றவர் எடுத்துவிடாமல் காத்துவந்தன.

அரியலூர் வெளிவிட்டப் பிரிவின் பொறியாளர் அறிவரசன் நல்ல மனிதர். டோமினிக்கை உட்காரச் சொன்னார். விசிறியைத் திருப்பிவிட்டார்.

"பழைய குழாய் வெளியே எழுபத்தாறு மில்லிமீட்டர். புதுசு எழுபத்தஞ்சு. ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அண்ணன் தம்பிக்குள்ளகூட இதைவிட அதிகமா இருக்கும். இதுல என்னங்க புகார்?"

"ரெண்டும் சேரலைங்க சார். நடுவுல ஒரு சாண் இருக்குது."

"சாண்ல விட்டம் ஏதுங்க? விட்டம் இல்லாத எதையும் நாங்க அளக்க முடியாது."

"ஒரு ஜாயிண்டு போட்டா சேந்துடும்னு சொல்றாங்க சார்."

அறிவரசன் நாற்காலியில் சாய்ந்தார். இந்த இடத்துக்குத்தான் எல்லோரும் வந்து சேர்கிறார்கள் என்பது போன்ற சோர்வு அவர் முகத்தில் தெரிந்தது.

"பெரியவரே, ஜாயிண்டுக்கு உள்ளேயும் இருக்கு, வெளியேயும் இருக்கு. வெளியே நான் ஒத்துக்குறேன். உள்ளே ஒத்துக்க எனக்கு அதிகாரம் இல்ல. நான் பாட்டுக்கு உள்ளே கைய விட்டேன்னு வைங்க, நாளைக்கு அவங்க வெளியே வருவாங்க. அப்புறம் இந்த ஆபீஸ் எதுக்கு?"

"அப்ப குழாய் யாருதுங்க சார்?"

"எந்தக் குழாய்?"

"உள்ளுக்கும் வெளிக்கும் நடுவுல ஒண்ணு இருக்குதுங்களே. அந்த நீலமா."

அறிவரசன் யோசித்தார். இருபது வருட சேவையில் யாரும் கேட்காத கேள்வி. "அதைப் பத்தி எழுதிக் கேக்கணும்" என்றார். "நீங்க பெரம்பலூர் போய் உள்ளே பாருங்க."

*

பெரம்பலூருக்கு அவர் போனது அடுத்த வாரம். போகிற அன்றைக்குப் பகலில் தண்ணீர் எடுக்க முடியாது. விடியலில் எழுந்து இரண்டு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். புஷ்பத்தின் துணியை ஆனி ரோஸ் மாற்றினாள். அலச முடியவில்லை. தண்ணீர் போதவில்லை.

உள்விட்டப் பிரிவின் தலைமைப் பொறியாளர் அழகேசன் பேசும்போது வெள்ளைப் பலகையில் எழுதுவார். சுவரில் ஒரு பலகை, மேசைமேல் ஒரு சின்னப் பலகை. டோமினிக் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து ஒரு வட்டம் போட்டார்.

"உங்க தெருக் குழாய் உள்ளே எழுபது மில்லிமீட்டர். பாதி முப்பத்தஞ்சு. அதை அதாலயே பெருக்கணும். இருபத்திரண்டு பை ஏழால பெருக்கணும். குழாய் நீளம் நூத்தி இருபது மீட்டர். அதாலயும் பெருக்கணும்." பெருக்கினார். விடையின் கீழே இரண்டு கோடு போட்டார். "நானூத்தி அறுபத்திரண்டு லிட்டர். சுத்தமா வருது பாருங்க. மிச்சமே இல்ல."

டோமினிக் பலகையைப் பார்த்தார்.

"தெருவுல எத்தனை பேருங்க?"

"ஒம்பது பேருங்க சார்."

"ஒன்பதால வகுத்தா ஐம்பத்தொண்ணு லிட்டர் சொச்சம். ஆளுக்கு ஐம்பத்தஞ்சு இருக்கணும்னு விதி." அழகேசனின் முகம் மாறியது. உண்மையாகவே வருத்தப்பட்டார். "உங்க புகார்ல நியாயம் இருக்குங்க. ஆளுக்கு மூணரை லிட்டருக்கு மேல குறையுது."

"சார், ஒரு சொட்டுகூட வரலைங்க."

"அது வேற."

"குழாய் காலியா இருக்குதுங்க."

"பெரியவரே, காலின்னா என்ன? உள்ளே எடம் இருக்குன்னு அர்த்தம். அந்த எடம்தான் உள்விட்டம். அது எங்க பொறுப்பு. அது இருக்கா இல்லையா? இருக்கு. அதுல தண்ணி வர்றது, போறது, அதெல்லாம் தினமும் மாறுற விஷயம். மாறுற விஷயத்தை வெச்சு ஒரு அரசாங்கம் கணக்கு எழுத முடியுமா? நேத்து வந்துச்சு, இன்னிக்கு வரலைன்னா நேத்து எழுதுனது பொய்யாயிடும். எங்க கணக்கு என்னிக்கும் பொய்யாகாது."

பக்கத்தில் நின்ற உதவியாளர் சிவரஞ்சனி தலையாட்டினாள். அவளுக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். சில இடங்களில் உதடு சேர்ந்து அசைந்தது.

"வீட்டுல உடம்பு முடியாதவங்க இருக்காங்க சார். புண்ணு கழுவணும்."

"குறையைச் சரி செய்வோம்," என்றார் அழகேசன். "மூணரை லிட்டர் சின்ன விஷயம் இல்ல."

*

வரும் வழியில் அரியலூர் கடைவீதியில் அய்யம்பெருமாளின் ஹார்டுவேர் கடையில் இறங்கினார். அய்யம்பெருமாள் கேட்டுவிட்டு எழுந்திருக்காமலேயே கையைப் பின்னால் நீட்டி ஒரு பொருளை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பக்கம் இரும்புக் குழாய்க்கு மரை, மறுபக்கம் நீலக் குழாய் நுழையும் வாய். உள்ளங்கையில் அடங்கியது.

"இவ்வளவுதானா?" என்றார் டோமினிக்.

"இவ்வளவேதான். எல்லாத் தெருக்காரனும் வந்து இதே மாதிரி கையில வெச்சுப் பாத்துட்டு இவ்வளவுதானாம்பான். எடுத்துட்டுப் போங்க. மாட்டுனது நான் குடுத்ததுன்னு மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க. போன தடவ வாரியத்து ஆளுவ எங்கிட்ட வந்து, இந்தக் கடையோட உள்விட்டம் எவ்வளவுன்னு கேட்டுட்டுப் போனானுவ."

மறுநாள் ஊர்ப் பிளம்பர் சுரேஷ்குமார் குழிக்குள் இறங்கினார். தவளை வெளியே வந்தது. மூடியைக் கழற்றி, ஜாயிண்டைப் போட்டு, பசை காயும்வரை ஒரு பீடி பிடித்தார்.

குழாய் முதலில் இருமியது. பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் வந்தது. பிறகு தண்ணீர் வந்தது.

டோமினிக் புஷ்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலில் உட்காரவைத்தார். ஆனி ரோஸ் சேலையை மறைப்பாகப் பிடித்தாள். வாதம் அடித்த நாளிலிருந்து ஈரத்துணியால் துடைத்துத்தான் விட்டிருந்தார்கள். இப்போது சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றினார். புண்ணைக் கழுவினார். தண்ணீர் தெளிவாகப் போகும்வரை கழுவினார்.

"போதும், விரலெல்லாம் சுருங்கிப் போச்சு," என்றாள் புஷ்பம்.

"இன்னும் ரெண்டு சொம்பு."

"ஊத்துங்க, ஊத்துங்க. கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இவ்வளவு நேரம் என்னைப் பாத்ததில்ல."

சேலையைப் பிடித்திருந்த ஆனி ரோஸ் சிரித்தாள். சேலை இறங்கியது. "சரியாப் புடிடி," என்றாள் புஷ்பம். அவளும் சிரித்தாள். ஒரு பக்க வாயால்தான் சிரிக்க முடிந்தது.

அந்த வாரம் புண் காய்ந்தது. ஓரத்தில் புதுத்தோல் வந்தது.

சனிக்கிழமை ஜீப் வந்தது. வெளிவிட்டப் பிரிவு ஆட்கள் ஜாயிண்டின் வெளிப்புறத்தைப் பிடித்துக் கழற்றினார்கள். உட்புறத்தைத் தொடாமல் இருக்க ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். பழைய குழாயின் வாயில் மூடியைப் போட்டார்கள். அறிவரசன் அதற்காகவே வந்திருந்தார். டோமினிக்கைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க பெரியவரே. உங்க குழாயில நானூத்தி அறுபத்திரண்டு லிட்டர் இருந்துச்சு. கணக்குல எழுதி வெச்சிருக்காங்க. நீங்க பாட்டுக்குத் திறந்து விட்டா அவங்க என்ன நெனப்பாங்க?"

"சார், கையெடுத்துக் கும்புடுறேன். அதை மட்டும் விட்டுட்டுப் போங்க. உள்ளே வந்து அவளைப் பாருங்க. புண்ணு ஆறிட்டு வருது சார்."

அறிவரசன் வாசல்வரை வந்தார். நிலைப்படியில் நின்றார். "உள்ளே நான் வரக் கூடாதுங்க," என்றார். எதை நினைத்துச் சொன்னார் என்று தெரியவில்லை. பழக்கமாக இருக்கலாம். "கூட்டுத் தல ஆய்வுக்கு ஏற்பாடு பண்றேன். ரெண்டு ஆபீசும் ஒண்ணா உக்காந்து முடிவெடுக்கும். இதுவரைக்கும் யாருக்கும் செஞ்சதில்ல."

*

ஆய்வு நடக்க நாளானது. எங்கே நடத்துவது என்பதில் பிரச்சினை. தெருவில் நடத்தினால் அது வெளியே, அரியலூரின் இடம். அறைக்குள் நடத்தினால் அது உள்ளே, பெரம்பலூரின் இடம். கடைசியில் இரண்டு ஊருக்கும் நடுவில், சாலையோரம் மாவட்ட எல்லைப் பலகை நிற்கும் இடத்தில் நடத்துவது என்று ஒப்புக்கொண்டார்கள். மேலே பந்தல் போட்டார்கள், பெரம்பலூருக்காக. பக்கங்களைத் திறந்து விட்டார்கள், அரியலூருக்காக.

அதற்குள் புண் மறுபடி ஈரமாகியிருந்தது. புஷ்பத்துக்கு இரவெல்லாம் காய்ச்சல். டோமினிக் அறிவரசனுக்குப் போன் செய்தார்.

"வேற நாள் வெச்சுக்கலாமுங்களா சார்? இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"புகார்தாரர் வரலைன்னா புகாரே இல்லன்னு ஆயிடும் பெரியவரே. ரெண்டு ஆபீசும் கிளம்பியாச்சு. மத்தியானத்துக்குள்ள முடிச்சு அனுப்பிடுறேன்."

புஷ்பம் கண்ணைத் திறக்காமலேயே, "போயிட்டு வாங்க," என்றாள். "தண்ணியோட வாங்க."

"ஆனி ரோஸ் இருக்குது. வந்தவுடனே ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரி போயிடலாம்."

"சட்டைய மாத்திட்டுப் போங்க. அழுக்கா இருக்கு."

மாற்றுவதற்குத் துவைத்த சட்டை இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

எல்லைப் பலகைக்கு மேற்கே பெரம்பலூர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள். கிழக்கே அரியலூர்க்காரர்கள். டோமினிக்கைப் பலகையின் கீழே நிறுத்தினார்கள்.

முதலில் அறிவரசன் பேசினார். வெளிவிட்டம் என்றும் வெளிப்படையானது, எவரும் வந்து அளந்து பார்க்கலாம் என்றார். பிறகு அழகேசன் தன் வெள்ளைப் பலகையை வரவழைத்தார்.

"இந்தத் தெருவுக்கு ஆளுக்கு மூணரை லிட்டர் குறை. இதை நாங்க மறைக்கல. மறைச்சா மனசாட்சி குத்தும். எப்படித் தீர்க்கிறது? குழாயைப் பெருசாக்கலாம். ஆனா பெருசாக்குனா வெளிவிட்டமும் மாறும், அது நண்பர்களோட உரிமையில தலையிடுறது. அதனால உள்விட்டப் பிரிவு ராத்திரி பகலா யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு. குழாயை நீட்டுவோம்."

மேற்கே கைதட்டினார்கள்.

"ஒன்பது மீட்டர் நீட்டுனா போதும். கடைசி வீட்டைத் தாண்டி வயல் பக்கமா. கொள்ளளவு கூடும். ஆளுக்கு ஐம்பத்தஞ்சு லிட்டர் வந்துடும்."

"கடைசி வீட்டைத் தாண்டி வயல்தாங்க சார் இருக்குது," என்றார் டோமினிக். "அங்க யாரும் இல்ல."

"யாரும் இல்லாததுதான் நல்லது. யாராவது இருந்தா அவங்களையும் சேத்து வகுக்கணும்."

கிழக்கேயும் கைதட்டினார்கள். ஒன்பது மீட்டர் பள்ளம் வெளியே தோண்ட வேண்டியிருக்கும். அது அவர்களுக்கு வேலை.

டோமினிக்கின் போன் அடித்தது. ஆனி ரோஸ். பேசினாள். அவர் கேட்டார். ஒரு தடவை "ம்" என்றார். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். அந்தப் பக்கம் அவள் வைத்து வெகு நேரமாகியிருந்தது.

"சார், நான் போகணும்," என்றார்.

"தீர்மானம் படிக்கிறாங்க," என்றார் அறிவரசன் மெதுவாக. "ரெண்டு நிமிஷம். உங்க பேரு வருது."

சிவரஞ்சனி படித்துக்கொண்டிருந்தாள். அவர் பேர் வந்தது. ஊர்ப் பேர் வந்தது. டோமினிக் பந்தலைவிட்டு வெளியே வந்து சாலையில் நின்றார். வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினார். அது பெரம்பலூர் போகிற பஸ். ஏறிவிட்டார். பாதி தூரம் போன பிறகுதான் கண்டக்டர் கேட்டு, தெரிந்து, இறக்கிவிட்டார்.

*

அன்றைக்கு வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடத் தெருப் பெண்கள் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்திருந்தார்கள். கோயில் தெருவிலிருந்து டிராக்டரில் ஒரு டிரம் வந்தது. டோமினிக் வந்து சேர்ந்தபோது குளிப்பாட்டி முடித்து வெள்ளைச் சேலை கட்டி, கையில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். தலை இன்னும் ஈரமாக இருந்தது. அவர் துண்டை எடுத்துத் துவட்டினார். போதும் என்று யாரும் சொல்லவில்லை. மிஞ்சிய தண்ணீரை வாசலில் ஊற்றினார்கள். தரை வெகு தூரத்துக்கு நனைந்திருந்தது.

அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு அவர் வீட்டுக்குள் அதிகம் இருக்கவில்லை. வாசலில் குழாய் மேடைமேல் உட்கார்ந்திருப்பார். ஆனி ரோஸ் சோறு கொண்டுவந்து வைப்பாள். சில நாள் சாப்பிடுவார். காலையில் பழக்கத்தில் இரண்டு குடத்தையும் சைக்கிளில் கட்டிவிடுவார். பிறகு அவிழ்ப்பார்.

அப்படி அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தெருவுக்குள் ஒரு மினி லாரி வந்தது. நீலக் குழாய்கள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன. மண்வெட்டியோடு நாலு ஆட்கள். முன்னால் பைக்கில் அறிவரசன்.

"வந்துட்டோம் பெரியவரே," என்றார். "சொன்ன மாதிரியே ஒன்பது மீட்டர். இன்னிக்கே நீட்டிடலாம்." குரலில் சந்தோஷம் இருந்தது. வீட்டைப் பார்த்தார். சுவரில் மாலை போட்ட படம் கதவு வழியாகத் தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"எப்பங்க?"

"நீங்க எல்லாம் பந்தல்ல இருந்தப்ப," என்றார் டோமினிக்.

அறிவரசன் பைக்கிலிருந்து இறங்கி வந்தார். மேடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அதில் பொய் இல்லை. தன் அம்மாவும் இப்படித்தான் போனார், கடைசியில் பக்கத்தில் இருக்க முடியவில்லை என்றார். மண்வெட்டிக்காரர்கள் நிழல் பார்த்து ஒதுங்கினார்கள்.

அப்புறம் அவர் கை தோளிலிருந்து இறங்கிச் சட்டைப் பைக்குப் போனது. போனை எடுத்தார். எதையோ தட்டினார். நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து தட்டினார். எழுந்து சற்றுத் தள்ளிப் போய்ப் பெரம்பலூருக்குப் பேசினார். பேசும்போது தலையைத் தாழ்த்தியே பேசினார். லாரி டிரைவரிடம் கையைக் காட்டினார். வண்டி பின்பக்கமாகவே தெருவைவிட்டு வெளியேறத் தொடங்கியது.

திரும்பி வந்து டோமினிக்கின் முன் நின்றார். உட்காரவில்லை.

"அழகேசன் சாரும் ரொம்ப வருத்தப்பட்டார்," என்றார். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நானூத்தி அறுபத்திரண்டு லிட்டரு. இப்ப எட்டால வகுத்தா ஆளுக்கு ஐம்பத்தேழே முக்கால் வந்துடுதுங்க. விதிப்படி வேண்டியதைவிடக் கூடவே இருக்கு. இனிமே நீட்ட வேண்டியதில்ல."

டோமினிக் அவிழ்த்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அறிவரசன் ஹெல்மெட்டைக் கைமாற்றினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப, குறை தீந்துடுச்சுன்னு எழுதிக்கலாமுங்களா?"